கணக்கப்பிள்ளைகளின் அறிவுலகம்: மேற்கோள்களை எண்ணுவது பற்றிச் சில குறிப்புகள்

சென்ற இலையுதிர் காலத்தில் எமது நகரத்தில் நடந்த நூல் வெளியீட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். வழக்கம்போல முன்வரிசைகள் வெறுமையாகவும் பின்வரிசைகள் நிறைந்தும் இருந்தன. சிறப்புப் பேச்சாளராக வந்திருந்தவர் இந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருக்கும் எம்மவர். அவரை அறிமுகப்படுத்திய அன்பர் ஒரு தாளை விரித்து வாசித்தார். பேராசிரியரின் கட்டுரைகள் பல்லாயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவருடைய எச்-சுட்டெண் முப்பத்தொன்று, உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். பலத்த கரகோஷம். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எம்மில் ஒருவரிடம் மெல்லக் குனிந்து கேட்டார்: "அதென்ன தம்பி முப்பத்தொண்டு? சீனி வருத்தத்துக்குப் பாக்கிற மாதிரியோ? கூடினா நல்லதோ, குறைஞ்சா நல்லதோ?"

சிரித்தோம். ஆனால் கூட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த அறிமுகத்தில் பேராசிரியர் எதைப் பற்றி ஆய்வு செய்கிறார் என்பதை யாருமே சொல்லவில்லை. மண்ணா, இரத்தமா, பாலமா, மொழியா? கைதட்டிய எமக்கும் தெரியாது. அவரைப் பற்றி நாம் அறிந்துகொண்டது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணை வாசித்தபோது பேராசிரியரே சற்றுக் கூச்சத்துடன் நெளிந்ததையும் சொல்ல வேண்டும்.

ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைக் கொண்டே அவரை மதிக்கும் இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது? ஊரை விட்டு வந்து, பிறர் மொழியில் பிழைத்து, தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் எமக்கு அதில் என்ன சம்பந்தம்? இவை பற்றிச் சிலவற்றைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

மேற்கோள்களை எண்ணும் வேலை பிறந்த இடம் நூலகம். 1927இல் குரொஸ், குரொஸ் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய கேள்வி மிக எளிமையானது. கையில் சொற்பப் பணமே உள்ள சிறிய கல்லூரி நூலகம் எந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்கலாம்? அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையை எடுத்து, அதில் எழுதியவர்கள் எந்தெந்தச் சஞ்சிகைகளை அதிகம் சுட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பட்டியலிட்டார்கள். 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாடு ஒன்றில், நூலகப் பணிகளை அளந்து பார்ப்பதற்கு 'லைப்ராமெட்ரி' என்றொரு துறை வேண்டும் என்று முன்மொழிந்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இவர்கள் எல்லோரும் எண்ணியது வாசகருக்காக. ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவது அவர்களுடைய எண்ணத்தில் இருக்கவில்லை.

யூஜின் கார்பீல்ட் 1955இல் அறிவியலுக்கு ஒரு மேற்கோள் சுட்டி வேண்டும் என்று எழுதியபோதும் நோக்கம் இதுவேதான். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது சட்டத்தரணிகளின் ஒரு பழைய கருவி. 1873இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் பிராங் ஷெப்பர்ட் என்பவர் ஒரு தொகுப்பைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் சுட்டியிருக்கின்றன என்பதை அது காட்டியது. ஒரு பழைய தீர்ப்பை நம்பி வழக்காடப் போகும் சட்டத்தரணி, அது இன்னும் செல்லுபடியாகுமா என்று அதில் பார்த்துக்கொள்வார். கார்பீல்ட் இதை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். 1960இல் பிலடெல்பியாவில் ஒரு நிறுவனத்தை அமைத்து, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் 'சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' என்ற பெரும் சுட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டுரையைப் பிடித்து, அதைச் சுட்டியவர்கள் யார், அவர்களைச் சுட்டியவர்கள் யார் என்று ஓர் எண்ணத்தின் வழித்தடத்தில் நடந்து போகலாம். நல்ல கருவிதான், சந்தேகமில்லை.

ஆனால் சட்டத்திலிருந்து அறிவியலுக்கு வரும் வழியில் ஒன்று தவறி விழுந்துவிட்டது. ஷெப்பர்டின் தொகுப்பு, பின்வந்த தீர்ப்பு முந்தியதைப் பின்பற்றியதா, வேறுபடுத்தியதா, தூக்கி எறிந்ததா என்பதையும் குறியிட்டுக் காட்டியது. புதிய சுட்டியில் அந்தக் குறி இல்லை. புகழ்ந்தாலும் ஒன்று, திட்டினாலும் ஒன்று. 1998இல் 'லான்செட்' சஞ்சிகையில், சின்னமுத்து முதலிய நோய்களுக்கான தடுப்பூசியை ஓட்டிசத்துடன் தொடர்புபடுத்தி வெளிவந்த கட்டுரையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லண்டனில் எத்தனை தமிழ்த் தாய்மார் அந்நாட்களில் பிள்ளைக்கு ஊசி போடுவதா விடுவதா என்று தவித்தார்கள்! 2010இல் அந்தச் சஞ்சிகை கட்டுரையை முற்றாக மீளப் பெற்றது. 2019இல் ஒரு குழு அதைச் சுட்டிய கட்டுரைகளைத் தேடிப் பார்த்தபோது 1,100க்கும் மேற்பட்டவை கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை அதை மறுப்பதற்காகவே சுட்டியவை. எண்ணுகிற இயந்திரத்துக்கு அது தெரியாது. அதன் கணக்கில் இது பெரும் செல்வாக்குள்ள கட்டுரை.

*

வழிகாட்டியாகப் பிறந்த சுட்டி தராசாக மாறியது படிப்படியாகத்தான். கார்பீல்டின் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் சஞ்சிகைகளின் 'தாக்கக் காரணி'யை வெளியிட்டது. ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை தடவை சுட்டப்பட்டன என்பதைக் கட்டுரைகளின் தொகையால் பிரித்தால் வரும் எண் அது. சஞ்சிகைக்கான எண். ஆனால் பல்கலைக்கழக நிர்வாகங்கள் அதை மனிதர்மேல் ஒட்டின. பெரிய சஞ்சிகையில் எழுதினால் பெரிய ஆய்வாளர் என்றாயிற்று. ஒரு சஞ்சிகையின் மேற்கோள்களில் பெரும்பகுதியை அதன் ஒரு சில கட்டுரைகளே ஈட்டித் தருகின்றன என்பதும், மற்றவை அந்த நிழலில் ஒதுங்கி நிற்கின்றன என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இது நடந்தது.

பின்னர் 2005இல் கலிபோர்னியாவின் பௌதீகவியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் தனிமனிதருக்கான எண்ணைக் கொண்டுவந்தார். அந்த ஆசிரியர் எம்மிடம் கேட்ட 'முப்பத்தொண்டு' இதுதான். ஒருவருடைய கட்டுரைகளில் முப்பத்தொன்று, ஒவ்வொன்றும் குறைந்தது முப்பத்தொரு தடவை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-சுட்டெண் முப்பத்தொன்று. பெரிய பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவிக்குச் சுமார் 12, முழுப் பேராசிரியருக்குச் சுமார் 18 என்று அவரே தம் துறைக்கு உத்தேசக் கணக்கும் சொன்னார். ஒரு துறைக்குச் சொன்ன உத்தேசம் உலகுக்கே படிக்கல்லாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2020இல், தாம் உருவாக்கிய இந்த எண் எதிர்பாராத தீய விளைவுகளைத் தந்துவிட்டதாக ஹிர்ஷே எழுதினார். பூதத்தைப் போத்தலிலிருந்து திறந்துவிட்டவரே மூடியைத் தேடிய கதை.

இதற்கிடையில் எண்ணுவது வியாபாரமாகியும் விட்டது. கார்பீல்டின் நிறுவனத்தை 1992இல் தொம்சன் கொம்பனி வாங்கியது. 2016இல் அது கைமாறி இன்று கிளாரிவேட் என்ற பெயரில் 'வெப் ஒவ் சயன்ஸ்' என்ற தரவுத்தளத்தை விற்கிறது. சஞ்சிகைகளை விற்கும் எல்செவியர் கொம்பனியே 2004இலிருந்து 'ஸ்கோப்பஸ்' என்ற தராசையும் வைத்திருக்கிறது. சந்தையில் மீன் விற்பவரே தராசுக்கும் சொந்தக்காரர் என்பதைப் போல. கூகிள் ஸ்கொலர் அதே 2004இல் வந்தது. ஒரே மனிதருக்கு இம்மூன்றும் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும், ஏனெனில் ஒவ்வொன்றும் வேறு வேறு கடதாசிக் குவியலை எண்ணுகிறது.

*

எண் எதைக் காட்டுகிறது? உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எதுவென்று கேட்டால், ஐன்ஸ்டைனையோ டார்வினையோ நினைப்போம். இல்லை. 1951இல் லௌரி என்பவரும் மூவரும் சேர்ந்து, ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அளப்பதற்கு எழுதிய செய்முறைக் கட்டுரை அது. 2014இல் 'நேச்சர்' சஞ்சிகை பட்டியலிட்டபோது அது 3,00,000 தடவைக்கு மேல் சுட்டப்பட்டிருந்தது. டி.என்.ஏயின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த முதல் 100க்குள்ளேயே வரவில்லை. லௌரியின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. சமையலறையில் அகப்பை எல்லாக் கறிக்கும் வேண்டும். அதற்காக அகப்பைதான் விருந்து என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஓர் எண்ணம் முழுவதுமாக வென்றுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைச் சுட்டுவதில்லை. புவியீர்ப்புக்கு நியூட்டனை அடிக்குறிப்பில் போடுபவர் யார்? அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்துச் சொன்னார். 1968இல் அவர் விளக்கிய இன்னொன்றும் எமக்கு நன்கு தெரிந்ததே. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற பைபிள் வசனத்தை வைத்து அதற்கு 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டார். பெயர் பெற்றவர் மேலும் சுட்டப்படுவார். அதே வேலையைச் செய்த பெயரற்றவர் மறக்கப்படுவார். இப்படி மறக்கப்படுவோரில் பெண்கள் எத்தனை பேர் என்பதை மார்கரெட் ரொசிட்டர் 1993இல் தனியாக எடுத்துக் காட்டினார்.

காலத்தின் கணக்கு வேறு. பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதியதற்கு 2013இல் நோபல் பரிசு பெற்றார். இடையில் அவர் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய பல்கலைக்கழகத்தில் தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவர் அப்போது வெளிப்படையாகச் சொன்னார். எமது பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்வதானால், ஐராவதம் மகாதேவன் 1960களில் குகைகளில் ஏறி இறங்கித் தொடங்கிய தமிழ்-பிராமிக் கள ஆய்வு 2003இல்தான் பெரும் நூலாக வந்தது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்குக்கு வேலை செய்திருந்தால் அந்த நூல் எமக்குக் கிடைத்திருக்குமா?

*

எண்ணுக்குப் பதவியும் பணமும் கட்டப்பட்ட இடத்தில் எண்ணைச் செய்துகொள்ளும் கைத்தொழிலும் தோன்றும். 1975இல் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் பணக் கொள்கை பற்றிச் சொன்னதை, அளவுகோல் இலக்காக மாறினால் அது அளவுகோலாக இருக்கத் தகுதியிழந்துவிடும் என்று இன்று எல்லோரும் விரித்துச் சொல்கிறார்கள். அதற்குச் சான்றுகள் ஏராளம்.

2010இல் பிரான்சின் கிரனோபிள் நகரத்து ஆய்வாளர் சிரில் லபே, ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார். கணனி எழுதிய அர்த்தமற்ற நூறு கட்டுரைகள் ஒன்றையொன்று சுட்டின. கூகிள் ஸ்கொலர் கணக்கில் அந்த இல்லாத மனிதரின் எச்-சுட்டெண் 94 ஆகி, ஐன்ஸ்டைனையும் தாண்டியது. 2024இல் இன்னும் இருவர் லாரி என்ற பூனையை இதே வழியில் ஆய்வாளர் ஆக்கினார்கள். இவை கேலிக்காகச் செய்தவை. கேலியற்றவையும் உண்டு. 2013இல் பிரேசில் நாட்டுச் சஞ்சிகைகள் நான்கு, தமக்குள் ஒப்பந்தம் செய்து ஒன்றையொன்று சுட்டித் தாக்கக் காரணியை உயர்த்தியதற்காகப் பட்டியலிலிருந்து ஒருவருடம் நிறுத்திவைக்கப்பட்டன. அந்நாட்டின் மதிப்பீட்டு முறை மேற்கத்தியத் தாக்கக் காரணியைக் கொண்டே பட்டப்படிப்புத் துறைகளை எடைபோட்டதுதான் இதற்குப் பின்னாலிருந்த நெருக்கடி. 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகை வெளியிட்ட விசாரணைக் கட்டுரை சென்னையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றியது. இளநிலை மாணவர்கள் பரீட்சையில் எழுதுபவை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியாவதாகவும், அவற்றில் அக்கல்லூரியின் முந்திய கட்டுரைகளே குவியலாகச் சுட்டப்படுவதாகவும் அது குற்றஞ்சாட்டியது. சீனாவில் மேற்கோள் சுட்டியிலுள்ள சஞ்சிகைகளில் எழுதுவோருக்குப் பணப்பரிசு கொடுக்கும் வழக்கம் பெருகி, 2020இல் அரசே அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உதாரணங்களில் பல மூன்றாம் உலகத்தவை. எம்மவர் மட்டும் மோசடிக்காரர்கள் என்பதல்ல இதன் பொருள். மையத்தில் இருப்பவனுக்குச் சான்று கூற வேறு பலர் இருக்கிறார்கள். விளிம்பில் இருப்பவனுக்கு அந்த எண் ஒன்றே கடவுச்சீட்டு. கடவுச்சீட்டுக்காக மனிதர் என்னென்ன செய்வார்கள் என்பது எமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

*

இனி, எண்ணுக்குள்ளேயே வராதவர்களைப் பற்றி.

1995இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகை, மூன்றாம் உலகின் அறிவியல் எவ்வாறு காணாமற்போகிறது என்றொரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அந்நாட்டுச் சஞ்சிகைகள் சுட்டிகளில் சேர்க்கப்படுவதில்லை, சேர்க்கப்படாததால் யாரும் சுட்டுவதில்லை, சுட்டாததால் சேர்க்கப்படுவதில்லை. இந்தச் சுழல் இன்று சற்றுத் தளர்ந்திருக்கலாம். ஆனால் தமிழைப் பொறுத்தவரை பெரிதாக எதுவும் மாறவில்லை.

கைலாசபதியை எடுத்துக்கொள்வோம். 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த 'தமிழ் வீரயுகக் கவிதை' பற்றிய அவருடைய ஆங்கில நூலை இன்றும் மேற்கத்திய ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். அதே ஆண்டு தமிழில் வந்த 'தமிழ் நாவல் இலக்கியம்' ஒரு தலைமுறையையே சண்டையிட வைத்தது. மு. தளையசிங்கத்தின் மறுப்பும், நுஃமானின் திறனாய்வும், 'மல்லிகை'யிலும் 'அலை'யிலும் பக்கம் பக்கமாக நடந்த விவாதங்களும் இல்லாமல் ஈழத்து இலக்கியத்தை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. செல்வாக்கு என்றால் அதுதான் செல்வாக்கு. ஆனால் 'அலை'யில் எழுதப்பட்ட ஒரு வரியும் எந்தக் கொம்பனியின் தராசிலும் ஏறியதில்லை.

பெயரின் கதையோ நகைப்புக்குரியது. மேற்கின் அட்டவணை எமது பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். குடிவரவுக் கந்தோர் படிவத்தில் அப்பாவின் பெயர் கடைசிக்குப் போன நாளிலிருந்து எம்மில் எத்தனையோ பேருக்குத் தகப்பனார் பெயரில்தான் கடிதம் வருகிறது. ஆய்வுலகிலும் இதே நிலைதான். ஆய்வு செய்தவர் மகள், மேற்கோள் சேர்வது ஊரில் கமம் செய்த தகப்பனாருக்கு. ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினால் ஒருவர் இருவராவார். கலியாணம் முடித்துப் பெயர் மாற்றிய பெண்ணின் பாதி உழைப்பு முந்திய பெயரோடு அறுந்து போகும். 2012இல் ஆய்வாளருக்கு ஆளுக்கோர் இலக்கம் கொடுக்கும் ஓர்கிட் என்ற முறை வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குத்தான். அகதி இலக்கத்தில் தொடங்கிய எமக்கு இன்னுமோர் இலக்கம்!

நகைப்பை விட்டுவிடுவோம். எமது தோழி ஒருவரின் மகள் மட்டக்களப்புப் பெண்களின் ஒப்பாரி பற்றி ஆய்வு செய்கிறார். இங்கே பிறந்த பிள்ளை. பாட்டியிடம் தமிழ் படித்தவர். அவர் சேகரித்தவற்றில் ஒரு பகுதியை எமது சஞ்சிகைக்குத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டோம். மகிழ்ச்சியோடு சம்மதித்தார். பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எழுத ஆசைதான் மாமா. ஆனா தமிழில எழுதினா, அந்த வருசம் நான் ஒண்டும் செய்யேல்லை எண்டுதான் கணக்கு வரும்."

அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஒப்பந்த வேலையில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு வாடகை கட்ட வேண்டும். ஆனால் அந்த ஒப்பாரியைப் பாடிய பெண்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை ஒருபோதும் வாசிக்கப் போவதில்லை என்பதை அந்த ஒரு வசனம் தீர்மானித்துவிட்டது. யாரும் தமிழைத் தடைசெய்யவில்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான்.

*

இவ்வளவும் சொன்ன பின், மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண் வருவதற்கு முன் இருந்தது பொற்காலமல்ல. இன்னாருடைய மாணவர், இன்ன கல்லூரிக்காரர், இன்ன சாதிக்காரர் என்று பார்த்துப் பதவி கொடுத்த காலம் அது. யாழ்ப்பாணத்திலும் அப்படி, இங்கும் அப்படி. நேர்முகத் தேர்வில், உச்சரிக்க முடியாத பெயரோடு வந்து நிற்கும் எமது பிள்ளைக்காக அந்த எண் ஒரு சாட்சி சொல்வதுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாட்சி நீதிபதியாகிவிடக் கூடாது.

இதை மேற்கிலேயே பலர் உணரத் தொடங்கிவிட்டனர். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு மனிதரை மதிக்காதீர்கள் என்று ஒரு பிரகடனம் வரைந்தார்கள். 2015இல் வந்த லைடன் அறிக்கை, உள்ளூர் மொழிகளில் நடக்கும் ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்று தனியாகவே ஒரு விதி சொன்னது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிய அறிக்கை அது என்பதால் அதற்குக் கூடுதல் பெறுமதி உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல் நியமனங்களுக்குத் தாக்கக் காரணியைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தது. பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகம் 2024இலிருந்து 'வெப் ஒவ் சயன்ஸ்' சந்தாவையே நிறுத்திவிட்டது. அவர்கள் கழற்றி வைக்கத் தொடங்கிய மாலையை நாம் இப்போதுதான் பொன்னாடையோடு சேர்த்து மேடையில் போடத் தொடங்கியிருக்கிறோம். அந்த 'இரண்டு சதவீதப் பட்டியல்' ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரும் குழுவினரும் ஸ்கோப்பஸ் தரவுகளிலிருந்து கணக்கிடுவது. மேற்கோள்களை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுப்பதே அது. யாரும் உட்கார்ந்து கட்டுரைகளை வாசித்துத் தேர்ந்தெடுப்பதல்ல.

*

இத்துடன் முடித்திருந்தால் மேற்குலகைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் கேள்வி எம்மை நோக்கியும் திரும்ப வேண்டியிருக்கிறது.

மேற்கோள் காட்டுவது என்பது அடிப்படையில் என்ன? இது என்னுடையதல்ல, இன்னாரிடமிருந்து வாங்கினேன் என்று சொல்லும் கடன்சீட்டு. இந்த மரபு எமக்குப் புதியதல்ல. தொல்காப்பியத்தில் அடிக்கடி வரும் 'என்ப' என்ற சிறு சொல், முன்னோர் சொன்னது என்ற ஒப்புதலைத்தான் சுமக்கிறது. உரையாசிரியர்கள் பிற நூல்களிலிருந்து எடுத்துக் காட்டியதால் மட்டுமே பெயரளவிலாவது பிழைத்த நூல்கள் எத்தனை! முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. 'புறத்திரட்டு' என்ற தொகை நூல் அதிலிருந்து எடுத்து வைத்த நூற்றுச்சொச்சம் பாடல்களால்தான் அது இன்று எமக்கு உண்டு. உரைகளில் சிதறிக்கிடந்த இத்தகைய மேற்கோள்களைப் பொறுக்கியே மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூலை உருவாக்கினார். ஏடு அழிந்த பின்னும் மேற்கோள் உயிர் காத்தது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்குப் பின் வந்த எமக்கு இதன் அருமை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்கிறதா? 97,000 நூல்கள் எரிந்தன என்று மேடைதோறும் சொல்கிறோம். அதுவும் ஓர் எண்தான். அவற்றில் ஏழு நூல்களின் பெயரைச் சொல்லும்படி கேட்டால் எம்மில் எத்தனை பேர் சொல்வோம்? புகலிடத்தில் தோன்றி மறைந்த சஞ்சிகைகள் எத்தனை! அவற்றில் வந்த கட்டுரைகள் இன்று பெயரின்றி, ஊரின்றி, வேறு யாருடையவோ முகப்போடு உலாவுகின்றன. 2005இலிருந்து 'நூலகம்' இணையத்தளத்தார் பழைய இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எடுத்தாள்பவர்கள் அங்கிருந்து எடுக்கிறார்கள். எழுதியவர் பெயரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கொம்பனி எம்மை எண்ணவில்லை என்று முறையிடும் நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்வதுகூட இல்லை.

கூட்டத்தில் எம்மிடம் சீனி வருத்தம் பற்றிக் கேட்ட அந்த ஆசிரியரை நினைத்துக்கொள்கிறோம். அவர் ஊரில் இருந்த காலத்தில் கடற்றொழிலாளரிடம் வலை, வள்ளம், காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களைக் கேட்டுக் கேட்டுக் கொப்பிகளில் எழுதி வைத்தவர். இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் விட்டவர், அந்தக் கொப்பிகளை மட்டும் விடவில்லை. 1990களில் இங்கு வந்த பின் தம் செலவில் சிறு நூலாக அச்சிட்டார். பல ஆண்டுகளின் பின் ஓர் ஆய்வேட்டில் அவருடைய பக்கங்கள் அப்படியே இருந்ததை நாம்தான் அவருக்குக் காட்டினோம். அடிக்குறிப்பு இல்லை. அவர் நீண்ட நேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என்ரை பேர் வராட்டிலும் பறவாயில்லை. அந்தச் சொல்லுகளைச் சொன்ன சம்மாட்டிமாரின்ரை பேரைப் பின்பக்கத்திலை போட்டிருந்தன். பதினொரு பேர். அதையும் விட்டிட்டாங்கள்."

அவருடைய எச்-சுட்டெண் பூச்சியம். ஆனால் ஒரு மேற்கோள் எதற்காக என்பதை எமக்குத் தெரிந்தவர்களுள் அவரே நன்கு அறிந்தவர்.

ஆகவே எமது பக்கத்தில் செய்யக்கூடியதைச் செய்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். இனி இச்சஞ்சிகைக்கு எழுதுவோர், எங்கிருந்து எடுத்தார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதைக் கட்டுரைக்குள்ளேயே சொல்ல வேண்டும். கேட்டது பாட்டியிடமென்றால் பாட்டியின் சம்மதத்தோடு அவருடைய பெயரை எழுதுங்கள். கூட்டங்களில் அறிமுகம் செய்பவர்கள், வந்திருப்பவர் எதைக் கண்டுபிடித்தார், எதற்காகப் பாடுபட்டார் என்பதை இரண்டு வசனங்களில் சொல்லுங்கள்; எண்ணை அவருடைய நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். ஒப்பாரி ஆய்வைச் செய்யும் அந்தப் பிள்ளையிடமும் திரும்பக் கேட்டிருக்கிறோம். அவர் ஆங்கிலத்தில் எழுதட்டும். அவர் பார்த்துத் திருத்தித் தருவதானால் தமிழாக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஆசிரியரின் சிறு நூலின் பின்பக்கத்திலுள்ள பெயர்களைப் பொறுத்தவரை, அந்தப் பதினொருவரில் இப்போது உயிரோடிருப்பவர் யார் என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய அனுமதியுடன், அடுத்த இதழின் முதற்பக்கத்தில் அந்தப் பெயர்களை அவர் எழுதிய ஒழுங்கிலேயே அச்சிடுகிறோம்.